மூன்று ஹாரன் அடித்தால் உடனே வரணும்

கேளம்பாக்கத்தில் ஒரு படிகூட ஏறாமல் மூன்று மாடிகளைக் கட்டி ஆண்ட ஒரே மனிதர் எங்கள் ஹாரன் அண்ணாத்ததான். அவருக்கு ஒரு நல்ல பெயர் இருந்திருக்கும். ரேஷன் கார்டில்கூட அச்சடித்திருப்பார்கள். எங்கள் கட்டடத்தின் மற்ற ஏழு வீட்டுக்காரர்களில் ஒருவருக்கும் அது தெரியாது.

கோவளத்துப் பக்கம் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். படகைக் கரையேற்றும்போது அது இடுப்பில் சாய்ந்தது. அன்றோடு கால்கள் இரண்டும் ஓய்ந்துவிட்டன. அதைப் பற்றிக் கேட்டால், “படகு மேல தப்பு இல்ல சார், நான்தான் குறுக்க நின்னுகினு இருந்தேன்” என்பார். அதற்கு மேல் அந்தப் பேச்சு நகராது. பிறகு தரைத்தளத்து வீட்டில் உட்கார்ந்து மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் பார்த்தார். மனைவிக்கு சிறுசேரியில் ஒரு ஆபீஸ் கேன்டீனில் வேலை. விடிவதற்குள் வேன் ஏறினால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவார். ஆகவே மகள் பவியைக் குளிப்பாட்டி, சாப்பிட வைத்து, பள்ளிக்கு அனுப்பி, அதட்டி, கொஞ்சி வளர்த்ததெல்லாம் சக்கர நாற்காலியில் இருந்தபடி இவர்தான்.

தலை பின்னுவதும் அவர்தான். பவியைத் தரையில் நிற்க வைத்தால் பின்னுவதற்குச் சரியான உயரம். ஆனால் அந்தக் கைக்குத் தெரிந்ததெல்லாம் படகு கட்டுகிற முடிச்சு. காலையில் போட்ட சடை புயலடித்தாலும் அவிழாது. சாயந்திரம் அம்மா வந்தாலும் அவிழாது. ஒருமுறை ரிப்பனை வெட்ட வேண்டியதாகிவிட்டது. “வுட்டா அவுந்துக்கும்னு கட்டறதுக்கு இன்னாத்துக்கு கட்டணும்?” என்று அவர் என்னிடம் நியாயம் கேட்டார்.

ஹாரன் வந்தது பவி மூன்றாம் வகுப்பு படிக்கும்போது. பள்ளி விட்டால் அவள் மாடி மாடியாக விளையாடப் போய்விடுவாள். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியதும் அண்ணாத்த ஒரு ரப்பர் பந்து ஹாரனை வாங்கி நாற்காலியின் வலது கைப்பிடியில் திருகிவிட்டார். ஒருமுறை அடித்தால் சோறு ரெடி. இரண்டு முறை அடித்தால் வீட்டுப்பாடம். மூன்று முறை அடித்தால் என்ன விளையாட்டாக இருந்தாலும் விட்டுவிட்டு உடனே வரணும். “வந்துட்டேம்பா” என்று எந்த மாடியில் இருக்கிறாளோ அந்த மாடியிலிருந்து கத்த வேண்டும் என்பதும் சட்டம்.

இதில் ஒரு சிக்கல். எங்கள் தெருவுக்கு வரும் மீன்காரரின் வண்டியிலும் அதே ஹாரன். அண்ணாத்த மகளைக் கூப்பிட்டால் நாலு வீட்டுப் பெண்கள் சட்டியோடு இறங்கி வந்தார்கள். மீன்காரர் வந்தால் பவி மூச்சிரைக்க ஓடிவந்து சங்கரா மீனுக்கு முன்னால் நின்றாள். கடைசியில் இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து ஒப்பந்தம் பேசினார்கள். மீனுக்கு நாலு முறை, மகளுக்கு மூன்று முறை. அதை மீன்காரர் ஒருநாளும் மீறவில்லை.

எழுதிப் பிழைக்கிறவனுக்கு அமைதி வேண்டும். இரண்டாம் மாடியில் இருந்த நான் ஒரு புகார் மனு எழுதி ஏழு வீட்டிலும் கையெழுத்து வாங்கினேன். அண்ணாத்த அதை நிதானமாகப் படித்து மடித்துத் திருப்பிக் கொடுத்தார். “செரி சார், அடிக்கல. நான் ஏற முடியாது. இனிமே பாப்பா வேணும்னா நீங்க போயி இட்டாந்துருங்க” என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அன்று ஒரு நாளில் பதினோரு தடவை ஏறி இறங்கினேன். மறுநாள் காலையில் மனுவைக் கிழித்துப் போட்டுவிட்டு நானே போய் ஹாரனை அடிக்கச் சொன்னேன். கொஞ்ச நாளில் ஒற்றை ஹாரன் கேட்டாலே எனக்கும் பசிக்கத் தொடங்கிவிட்டது.

பள்ளியில் பெற்றோர் கூட்டம் முதல் மாடியில் நடக்கும். நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போகிறோம் என்று இரண்டு பேர் வந்தபோது, தான் அரிசி மூட்டை இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். நேராக வகுப்பு ஜன்னலுக்குக் கீழே போய் நின்று ஹாரனை அடித்தார். டீச்சர் எட்டிப் பார்த்தார். கணக்கில் பவி ஏன் மட்டம் என்ற விசாரணை மேலுக்கும் கீழுக்குமாகக் கால் மணி நேரம் நடந்தது. மைதானத்தில் இருந்தவர்கள் அத்தனை பேருக்கும் அவள் மார்க் தெரிந்துபோயிற்று. அடுத்த வருடத்திலிருந்து கூட்டத்தைத் தரைத்தளத்துக்கு மாற்றிவிட்டார்கள். முழங்கால் வலிக்கார அம்மாக்கள் பலர் அவரைக் கும்பிட்டார்கள்.

பவி ஒன்பதாம் வகுப்புக்குப் போனாள். மூன்றாம் மாடியில் ஒரு தோழிக்குப் பிறந்தநாள். பள்ளியிலிருந்து ஏழெட்டுப் பெண்கள் வந்திருந்தார்கள். இருட்டத் தொடங்கியதும் அண்ணாத்த வழக்கம்போல மூன்று முறை அடித்தார். மாடியிலிருந்து ‘வந்துட்டேம்பா’ வரவில்லை. யாரோ ‘பாம் பாம்’ என்று கத்திக் காட்ட, மற்றவர்கள் சிரிப்பது கேட்டது. பவி மெதுவாக இறங்கி வந்தாள். முகம் சிவந்திருந்தது.

“இனிமே அடிக்காதப்பா. போன் பண்ணு.”

மறுநாள் பார்த்தேன், கைப்பிடியில் இரண்டு திருகு ஓட்டைகள் மட்டும் இருந்தன.

போனில் கூப்பிட்டால் வருகிறாளே, பிறகென்ன என்று ஆறுதல் சொல்லப் போனேன். மிக்ஸியின் மோட்டாரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“போன் எடுக்குது சார். ஆனா எங்க கீதுன்னு தெரில. முன்ன மேலருந்து கத்தும் பாரு, அந்தக் குரலு எந்த மாடின்னு எனக்குத் தெரியும். அப்பால செருப்புச் சத்தம். ஒவ்வொரு படியா அதுங்கூட நானும் எறங்கி வருவேன்.”

அந்த மாடிகளை நான் எத்தனையோ முறை திட்டிக்கொண்டே ஏறியிருக்கிறேன். அவற்றில் ஒருநாளும் கால் வைக்காத ஒருவர் அவற்றை இப்படித் தெரிந்துவைத்திருந்தார். வழக்கம்போல வேறு பேச்சு பேசிவிட்டு வந்துவிட்டேன்.

அந்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டு வீட்டுக்காரர்களும் வேன் வைத்து மாமல்லபுரம் போனோம். மணல் தொடங்கும் இடத்தில் நாற்காலியின் சக்கரம் புதைந்தது. அண்ணாத்த அங்கேயே நின்றுவிட்டார். கடலிலேயே வளர்ந்தவர், அதை நூறடி தள்ளி இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பவி செருப்பையும் போனையும் அவர் மடியில் போட்டுவிட்டுத் தோழிகளோடு தண்ணீருக்கு ஓடினாள்.

சாயந்திரம் அலை கொஞ்சம் மூர்க்கமானது. எல்லோரும் வெளியே வாருங்கள் என்று காவலர்கள் விசில் ஊதினார்கள். கூட்டம் கலைந்து கரையேறியது. அதில் பவியைக் காணவில்லை. அவள் போன் அவர் மடியில் இருந்தது. “சார், நீ போயி பாரு சார்” என்றார். அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. நான் ஓடினேன். பச்சைச் சுடிதார் போட்ட வேறொரு பெண்ணைப் பவி என்று பிடித்து இழுத்து, அவள் அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

திரும்பி வந்து பார்த்தால், பக்கத்தில் நின்ற ஐஸ் வண்டியின் ஹாரனை அண்ணாத்த எட்டிப் பிடித்திருந்தார். மூன்று முறை அடித்தார். விட்டார். மறுபடி மூன்று முறை. இரண்டு குழந்தைகள் குச்சி ஐஸ் கேட்டு வந்தன. ஐஸ்காரர் முதலில் முறைத்தார். அண்ணாத்தயின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். அண்ணாத்த அடித்துக்கொண்டே இருந்தார்.

தூரத்தில் படகுகள் நிற்கும் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

“வந்துட்டேம்பா.”

சொட்டச் சொட்ட நனைந்துபோய் ஓடிவந்தாள். பின்னால் தோழிகள் எல்லோரும் வந்தார்கள். ஒருத்தியும் சிரிக்கவில்லை. அவள் எதிரே வந்து நின்ற பிறகும் அவர் அடிப்பதை நிறுத்தவில்லை. பவி ஹாரனிலிருந்து அவர் கையை எடுத்துத் தன் ஈரத் தலைமேல் வைத்துக்கொண்டாள். “இன்னாத்துக்குப்பா அழுவற?” என்று கேட்டாள். மணல் பட்டுவிட்டது என்றார் அவர்.

மறுநாள் காலையில் ஸ்க்ரூ டிரைவரோடு அவளே உட்கார்ந்து ஹாரனைப் பழைய இடத்தில் மாட்டினாள். பிளஸ் டூ முடியும் வரை அது தினமும் ஒலித்தது. பிறகு அவள் நர்சிங் படிக்கக் கோயம்புத்தூர் போய்விட்டாள். ஹாஸ்டலுக்கு எப்படி ஹாரன் அடிப்பது? கட்டடமே ஊமையாகிவிட்டது. சாப்பாட்டு நேரத்தைக் கடிகாரம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று.

அவள் போய் ஒரு மாதம் இருக்கும். ஒரு மாலை ஆறு மணிக்குக் கீழே மூன்று முறை ஹாரன் கேட்டது. மீன்காரருக்கு நாலு. ஆகவே இது அவர்தான். கை தானாக அடித்திருக்க வேண்டும். அதற்கப்புறம் வந்த நிசப்தம் எனக்குப் பொறுக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்ததைப் போட்டுவிட்டு, ஐம்பத்தைந்து வயதுக்காரன், இரண்டாம் மாடி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, “வந்துட்டேம்பா” என்று கத்தினேன். செருப்பைத் தேய்த்துத் தேய்த்து, ஒவ்வொரு படியாக, அவசரமே இல்லாமல் இறங்கினேன்.

கீழே அவர் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். நான் கடைசிப் படியில் நின்றதும் கண்ணைத் திறந்தார்.

“இன்னா சார், மொத மாடி திரும்பற எடத்துல கால் தட்டிச்சா?”

தட்டத்தான் செய்தது.

இப்போது நான் லிஃப்ட் வைத்த வீட்டில் இருக்கிறேன். கதவு திறக்கிறது, மூடுகிறது, கீழே கொண்டுபோய் விட்டுவிடுகிறது. என் காலடியைப் படிப்படியாகக் கேட்டுக்கொண்டிருக்க இங்கே யாரும் இல்லை.