வியாழக்கிழமை என் பல்லைப் பிடுங்க வேண்டாம்

மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் ஆசியுடன் எழுதுவது.

இங்கே நானும் உங்கள் மாமியாரும் சுகம். என் பற்களின் சுகம் என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும் என்பதால் அதில் நான் முந்திக்கொள்ளவில்லை. அங்கே நீங்களும் என் மகளும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். ஊரார் வாய் கெட்டுக் கிடக்கும்வரை பல் வைத்தியருக்கு என்ன குறை?

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு உங்கள் மருத்துவமனையில் என் வலப்பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க நேரம் குறிக்கப்பட்டிருக்கிறது. அதை உடனே ரத்து செய்ய வேண்டுகிறேன். அதற்கு நான் சம்மதிக்கவில்லை. சம்மதித்தது என் வாயில் இருந்த மருந்து. இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் பேசித்தான் இந்த நிலைமைக்கு வந்தேன். ஆகவே எழுத்தில்.

அந்தப் பல்லின் அருமை உங்களுக்குத் தெரியாததல்ல. என் வாயில் மேலும் கீழும் சந்தித்துக்கொள்ளும் ஜோடி அது ஒன்றுதான். மற்றவை பாகப்பிரிவினை முடிந்த பங்காளிகள் மாதிரி. ஒன்று இருக்கும் பக்கம் இன்னொன்று தலைகாட்டுவதில்லை. கீழ்ப்பல் போய்விட்டால் மேல்பல் எதன்மேல் மெல்லும்? ஈறு வீங்கிப் பல் ஆட ஆரம்பித்திருக்கிறது, ஆறு வாரம் பார்ப்போம், குறையாவிட்டால் எடுத்துவிடலாம் என்று சொல்லி, கிருமியைக் கொல்லும் அந்த வாய் கொப்பளிக்கும் மருந்தை நீங்கள்தான் கொடுத்தீர்கள். சீட்டிலும் எழுதினீர்கள்: காலை, மாலை, ஒரு மூடி, முப்பது வினாடி, விழுங்கக் கூடாது. நான் முப்பத்தோரு வருடம் பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளராக இருந்தவன். என் காலத்தில் ஒரு வண்டிகூட அரை நிமிடம் முன்னால் கிளம்பியதில்லை. முப்பது என்று எழுதிய பிறகு இருபத்தொன்பதில் துப்புவது எப்படி? காலை ஏழு, மாலை ஏழு, கையில் பழைய டியூட்டி கடிகாரம். இன்றுவரை ஒரு வேளை தவறவில்லை. தவறியதெல்லாம் வேறு.

முதல் நாளே பதினோராவது வினாடியில் வாசல் மணி அடித்தது. திறந்தால் குடியிருப்போர் சங்கச் செயலாளர். "சார், மொட்டைமாடித் தண்ணித் தொட்டிக்கு ஆள் கெடைக்கல. நீங்க பாத்துக்கறீங்களா?" என்றார். ஒரு நிமிடம் பொறுங்கள் என்று ஒரு விரலைக் காட்டினேன். "ஒரு வருஷமா! பெரிய மனசு சார் உங்களுக்கு" என்று என் கையைக் குலுக்கிவிட்டு, பத்தொன்பதாவது வினாடியில் படியிறங்கிப் போய்விட்டார். அன்றிலிருந்து தினமும் ஐந்து மாடி ஏறித் தண்ணீர் மட்டம் பார்த்துவிட்டு வருகிறேன். இதில் மருந்தின் குற்றம் எதுவும் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளவும்.

அடுத்து, உங்கள் மனைவியின் பெரியம்மா. ஒரு நாள் சாயங்காலம் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று உங்கள் மாமியார் கேட்டாள்: "ஏங்க, அக்கா ஒரு மாசம் வந்து இருக்கட்டுமான்னு கேக்கறா. வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க, அப்புறம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது." என்னிடம் இன்னும் பதினாறு வினாடி பாக்கி. பொறு என்ற பொருளில் உள்ளிருந்து கதவைத் தட்டினேன். "சரி, சரி, சந்தோஷம் புரியுது" என்று போய்விட்டாள். மறுநாளே பெரியம்மா மூன்று பெட்டியோடு வந்து இறங்கினார். அவருக்கு வாயில் சொந்தப் பல் ஒன்றும் கிடையாது, முழு செட். "எல்லாத்தையும் புடுங்கிப் போட்டுட்டு என்ன மாதிரி நிம்மதியா இருங்க தம்பி" என்று மூன்று வேளையும் எனக்கு உபதேசம். இதைத் தாங்கிக்கொண்டேன். ஆனால் மருந்துப் புட்டி கணக்குக்கு மீறிக் குறைவதைப் பார்த்ததும் பேனாவால் கோடு போட்டு வைத்துக் கண்காணித்தேன். இரவு அவர் பல் செட்டை ஊறப்போடுவது என் மருந்தில்! கேட்டதற்கு, "உங்க பல்லு நாளைக்கோ மறுநாளோ போகப்போகுது. இது நெரந்தரமா இருக்கப்போற பல்லு. எதக் காப்பாத்தறது ஞாயம், நீங்களே சொல்லுங்க" என்றார். சொல்லியிருப்பேன். மணி ஏழாகிவிட்டது.

சாப்பாட்டு விஷயத்தையும் மறைக்க விரும்பவில்லை. இந்த மருந்தால் சில நாள் நாக்கில் ருசி மாறும் என்று நீங்கள் எச்சரித்திருந்தீர்கள். அது எனக்கு மறந்துபோய், நான்கு நாள் தொடர்ந்து சாப்பாட்டில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளினேன். ஐந்தாம் நாள் உங்கள் மாமியார் உப்பு ஜாடியைக் கொண்டுவந்து என் முன்னால் டொக்கென்று வைத்து, "இந்தாங்க, இதையே சாப்பிடுங்க. நாப்பது வருஷம் ருசிச்ச கை இப்பத்தான் கசக்குதா?" என்றாள். பக்கத்தில் இருந்த பெரியம்மா, "பல்லு போற வயசுல நாக்கும் போயிடும்டி" என்று எடுத்துக்கொடுத்தார். உப்பைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். அன்று வீட்டில் தண்ணீர் குடித்தே மூன்று பேரும் வயிற்றை நிரப்பினோம், ஏனென்றால் கோபத்தில் அவள் ஏற்கெனவே இரண்டு மடங்கு உப்பு போட்டிருந்தாள்.

இப்போது எழுதப்போவது பெரிய சங்கதி. ஓய்வு பெற்றோர் சங்க ஆண்டுக் கூட்டம் ஆறரைக்கு முடியும் என்றார்கள். நன்றியுரை என்னுடையது. முன்னாள் கிளை மேலாளர் மைக்கைப் பிடித்தார், விடவில்லை. மணி ஏழு. சின்னப் புட்டியில் மருந்து எடுத்துப் போயிருந்தேன். குனிந்து ஒரு மூடி ஊற்றிக்கொண்டேன். ஒன்பதாவது வினாடியில் அவர் திடீரென்று, "இப்போது நம் நேரக் காப்பாளர் நன்றி கூறுவார்" என்று உட்கார்ந்துவிட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் சுருக்கமாக முடித்தது அன்றுதான். கன்னம் உப்ப மேடை ஏறி, மைக் முன்னால் கடிகாரத்தைப் பார்த்தபடி தலைகுனிந்து நின்றேன். கூட்டம் கொஞ்சம் பார்த்தது. பிறகு முன்வரிசையில் ஒருவர் எழுந்து நின்றார். அவரைப் பார்த்து அடுத்தவர். கடைசியில் அரங்கமே எழுந்து கைகட்டி நின்றது. "யாரு போயிட்டா?" என்று ஒரு குரல் கிசுகிசுத்தது. "நம்ம கிரீஸைக் காணோமே" என்று இன்னொரு குரல் சொன்னது. கிரீஸ் என்பது எங்கள் பணிமனையின் பழைய ஃபிட்டருக்குப் பட்டப்பெயர். முழங்கால் வலியால் அன்று வரவில்லை. முப்பது முடிந்ததும் விழுங்கக் கூடாது என்ற உங்கள் உத்தரவை நினைத்துத் தலைவர் மேஜையில் இருந்த பூச்சாடியில் துப்பினேன். பிளாஸ்டிக் பூதான், அதற்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு நான் நன்றி சொன்னபோது பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை எட்டுப் பேர் மாலையும் கையுமாகக் கிரீஸ் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். கதவைத் திறந்தது கிரீஸ். பத்து மணிக்கு எனக்குப் போன்.

"என்னைய சாகடிச்சது நீதானாமே?"

"நான் ஒண்ணுமே சொல்லலைப்பா."

"அதத்தான் சொல்றேன். ஒண்ணுமே சொல்லாம சாகடிச்சிருக்க. சரி, கூட்டம் எவ்வளவு நேரம் நின்னுச்சு?"

"பத்து வினாடி."

"அவ்வளவுதானா?" என்று வருத்தத்தோடு வைத்துவிட்டான்.

இவ்வளவு நடந்தும் நான் மருந்தை விடவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். "துப்பிட்டுப் பேசினா குடியா முழுகிடும்?" என்று உங்கள் மாமியார் தினமும் கேட்கிறாள். வண்டியை முன்கூட்டி எடுத்தால் நின்று காத்திருக்கும் பயணி ஏமாந்துபோவான் என்று நான் தினமும் பதில் சொல்கிறேன். உறுதி என்றால் அதுதான்.

கடைசியாக, நேற்று. காலை ஏழு அடித்துப் பதினான்காவது வினாடியில் உங்கள் மருத்துவமனை வரவேற்பில் இருக்கும் பெண் கூப்பிட்டாள். அந்நேரத்துக்கே வேலைக்கு வருகிறாள், அதற்காக அவளைப் பாராட்டவும். "சார், பல்லு எப்படி இருக்கு?" என்றாள். பரவாயில்லை என்ற பொருளில் "ம்ம்ம்" என்றேன். "ஐயோ, ரொம்ப வலியா சார்?" இல்லை என்பதற்காகக் கொஞ்சம் உரக்க "ம்ம்ம்!" என்றேன். "தாங்க முடியலை போலருக்கே. எடுத்துடலாமா?" பதறிப்போய் என்னால் முடிந்த மட்டும் உரக்க "ம்ம்ம்ம்!" என்றேன். "அழாதீங்க சார், வியாழக்கிழமை பத்து மணி, டாக்டர்ட்ட நான் சொல்லிடறேன்" என்று வைத்துவிட்டாள். நான் துப்பிவிட்டுத் திரும்பக் கூப்பிட்டால் லைன் பிஸி. இன்னொரு கிழவனுக்கு நேரம் குறித்துக்கொண்டிருந்தாள் போலும்.

ஆகவே மாப்பிள்ளை, பல் வலிக்கவில்லை. ஆறு வாரத்தில் மூன்றுதான் முடிந்திருக்கிறது. தண்டனையை நிறைவேற்றும் முன் தவணையையாவது முழுதாகக் கொடுங்கள். பாக்கி மூன்று வாரமும் நான் ஒரு வினாடி குறையாமல் கொப்பளிப்பேன். தொட்டி நிரம்பி வழிந்தாலும், பெரியம்மா இன்னும் மூன்று பெட்டியை வரவழைத்தாலும், கிரீஸுக்கு இரண்டாம் முறை மாலை போனாலும் இது மாறாது. அந்த ஜோடியைப் பிரிக்காதீர்கள்.

நீங்களும் என் மகளும் முப்பத்திரண்டும் உதிராமல், மேல் வரிசையும் கீழ் வரிசையும் போல ஒத்துப்போய் நெடுங்காலம் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்,
நேரக் காப்பாளர் (ஓய்வு)

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் உங்கள் மாமியார் கடிதத்தை வாங்கி முழுதும் படித்தாள். படித்துவிட்டு, "எல்லாம் சரி, பல்லு துலக்க வேண்டாம்னு மாப்பிள்ளை எங்க சொன்னாரு?" என்றாள். சீட்டை எடுத்து முன்னும் பின்னும் பார்த்தேன். அப்படி எதுவும் இல்லை. எக்ஸ்பிரஸ் விட்ட பிறகு அதே தடத்தில் சாதாரண வண்டி எதற்கு என்று எண்ணி, மருந்து வந்த நாளே துலக்குவதை நிறுத்திவிட்டேன். பிரஷ் மூன்று வாரமாகத் தையல் மெஷினைத் துடைத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே வியாழக்கிழமை பத்து மணியை ரத்து செய்ய வேண்டாம். வந்து வாயைத் திறக்கிறேன், பிடுங்குவதா விடுவதா என்பதை நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். உங்கள் மாமியார் புது பிரஷ் வாங்கி வந்துவிட்டாள். துலக்குவது எத்தனை வினாடி என்று மட்டும் உடனே தெரிவியுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.