வேதமணி காத்த ரகசியம்

ரகசியக் காவலர் என்றொரு இனம் உண்டு. உங்கள் அலுவலகத்திலும் ஒருவர் இருப்பார். பாஸ்வேர்டு அடிக்கும்போது கைக்குட்டையால் கீபோர்டை மூடிக்கொள்வாரே, அவர்தான்.

தூத்துக்குடியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் தகவல் பாதுகாப்பு அதிகாரி வேதமணியும் அந்த இனம்தான், கைக்குட்டை உட்பட. புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்ததிலிருந்து அவருக்குத் தூக்கம் குறைந்து மதிப்பு கூடிவிட்டது. மாதந்தோறும் எல்லோரையும் பாஸ்வேர்டு மாற்ற வைப்பார், தெரியாத மெயிலைத் திறந்தவரை நிற்க வைத்து வகுப்பெடுப்பார், டீக்கடை ரசீதைக்கூடக் காகிதம் கிழிக்கும் மெஷினில் போடுவார், மனைவி கிருபாபாய் போன் செய்தால் பிறந்த தேதி கேட்டுவிட்டுத்தான் மேலே பேசுவார். அபராதம் கோடிக்கணக்கில் என்று சொல்லும்போது முகத்தில் அப்படியொரு பெருமை. கோடி அவருடையதா என்ன?

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் டிக்சன் அவருக்கு அடுத்த வீட்டுக்காரன், தொட்டில் பிள்ளையாக இருந்ததிலிருந்து தெரிந்தவன். ரிப்போர்ட் வாங்க வந்தவனை ஆதார் எடுத்துவர வெயிலில் திருப்பி அனுப்பினார். வந்து வாங்கிப் பிரித்தால், சுகர். அவனுக்கும் ஷெர்லிக்கும் அடுத்த மாதம் நிச்சயதார்த்தம்.

"அண்ணாச்சி, ஷெர்லிகிட்ட ஞாயித்துக்கிழமை நானே பக்குவமாச் சொல்லுதேன். அதுவரைக்கும் வெளிய தெரியக் கூடாது."

"ஏலே, எங்கிட்டயா இதச் சொல்லுத? கழுத்த அறுத்தாலும் வராது."

வெள்ளிக்கிழமை மாலை ஷெர்லி வீட்டில் ஜெபக்கூட்டம். டிக்சனும் வந்திருந்தான். வேதமணிதான் ஜெபித்தார். மழைக்காக, கடலுக்குப் போனவர்களுக்காக, பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக வேண்டிக்கொண்டு, குரல் தழுதழுக்க இங்கே வந்து சேர்ந்தார்: "ஆண்டவரே, எங்கள் தம்பி டிக்சனுக்கு வெறும் வயிற்றில் இருநூற்றுப் பத்து காட்டுகிற சர்க்கரையை நீரே இறக்கியருளும்."

அவர் கண்களை மூடியிருந்ததால் எத்தனை கண்கள் திறந்தன என்று பார்க்கவில்லை. ஆமென் மட்டும் வழக்கத்தைவிடப் பலமாக விழுந்தது.

வாசலில் டிக்சன் அவரை மடக்கினான். "இப்படிச் செஞ்சிட்டீகளே, அண்ணாச்சி."

வேதமணி உண்மையாகவே புண்பட்டுப்போனார். "நான் யாருகிட்டலே சொன்னேன்? ஆண்டவர்கிட்டதான சொன்னேன்? வெளிய தெரிஞ்சிருக்குன்னா கம்ப்யூட்டருக்குள்ள எவனோ பூந்திருக்கான்."

டிக்சன் தலை குனிந்து திரும்பி வந்து உட்கார்ந்தான். ஷெர்லி டீத் தட்டோடு வந்து ஓரத்துத் தம்ளரை அவனிடம் நீட்டினாள். ஒரு வாய் குடித்தான். கசந்தது.

"நீங்க சொல்லித் தெரிஞ்சிருக்கணும்" என்றாள் அவள், தாழ்ந்த குரலில்.

"ஞாயித்துக்கிழமை சொல்லலாம்னு..."

"ஞாயித்துக்கிழமையும் வாங்க. அன்னைக்கும் சீனி கிடையாது."

அத்தனை ருசியான டீயை அவன் குடித்ததே இல்லை.

திங்கட்கிழமை பரிசோதனை நிலையத்தில் எல்லோருடைய பாஸ்வேர்டும் மறுபடி மாறியது.

சிரிக்கிறீர்களா? நல்லது. டிக்சனுக்குச் சுகர் என்பது இப்போது உங்களுக்கும் தெரியும். "உன்னோட இருக்கட்டும்" என்று இன்று மாலை யாரிடம் தொடங்கப் போகிறீர்கள்? அதற்கு முன் வேதமணியிடம் அந்தக் கைக்குட்டையைக் கேட்டுப் பாருங்கள், வாயில் கட்டிக்கொள்ள. ஆதாரை மறக்காமல் எடுத்துப் போங்கள்.