கடுகண்ணாவை எப்போது அட்டவணையானது?

"யோகேந்திரன், கடுகண்ணாவை எப்பப்பா அட்டவணையாச்சு? நான் தினமும் அங்கதானே ரயில் ஏறுறேன்!"

மனேஜர் இராமகிருஷ்ணன், கணினி தந்த அட்டவணைப் பெயர்ப் பட்டியலை மேசையில் போட்டார்.

கண்டியிலிருந்த அவர்களது தேயிலைக் கம்பனியின் கணினி, தகவல் அட்டவணைகளால் நிரம்பி வழிந்தது. பிரதி எடுத்து வைக்கவும் இடமில்லை. கணினியிடம் தகவல் கேட்டு ஊழியர்கள் எழுதிவைத்த கேள்விகளில் பெயர் வராத அட்டவணைகளை, யாருக்கும் வேண்டாதவை என்று, மூன்று மணிக்கு வரும் மின்வெட்டுக்கு முன் அழித்தாக வேண்டும். கேள்விகளிலிருந்து பெயர்களைப் பொறுக்கும் நிரல் யோகேந்திரனுடையது. சரியாகச் செய்தால் வேலை நிரந்தரம். நிரந்தரம் என்றால் முத்திரை குத்திய கடிதம். அவன் வீடு போகும் குண்டசாலை பஸ்ஸை மறிக்கும் சோதனைச்சாவடியில், யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு அது பாதி உயிர்.

"கேள்வியில 'ஃப்ரொம்' எண்டதுக்கு அடுத்த சொல்தான் அட்டவணையின்ர பேர், சேர். ஆரோ மேற்கோளுக்குள்ள 'கடிதம் ஃப்ரொம் கடுகண்ணாவை' எண்டு எழுதியிருக்கினம்."

மேற்கோளுக்குள் இருப்பதைத் தாண்டும்படி நிரலுக்குச் சொன்னான். பட்டியலிலிருந்து கடுகண்ணாவை மறைந்தது.

"சரி, ஊழியர் அட்டவணை எங்க?"

ஒரே ஃப்ரொமுக்குப் பின்னால் கமா போட்டு மூன்று அட்டவணைகள் நின்றன. நிரல் முதலாவதோடு திருப்திப்பட்டு உட்கார்ந்துவிட்டது. நிபந்தனை தொடங்கும் 'வெயர்' வரும்வரை எல்லாச் சொல்லையும் பிடி என்றான். முப்பத்தொரு பெயர் தொண்ணூறாகிக் கொட்டியது!

"இந்த 'ஈ' யாரு? 'எஸ்' யாரு?"

"ஈ எண்டா 'எஸ்டேட்', தோட்டம்; எஸ் எண்டா 'ஸ்டாஃப்', ஊழியர், சேர். சுருக்கப் பேர்."

"ஆளுக்கு ரெண்டு பேரா? சாவடியில சொல்லிடாதப்பா!"

மணி இரண்டரை. யோகேந்திரனின் விரல்கள் பறந்தன. கமாவுக்குப் பின் ஒரு சொல் மட்டும்; அட்டவணைகளை இணைக்கும் 'ஜொயினு'க்குப் பின்னும் ஒன்று; அடைப்புக்குறி வந்தால் உள்ளே இறங்கித் தேடு.

முப்பத்தாறு!

மனேஜர் கேள்விகளை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார். "ஒண்ணு கூடலை, ஒண்ணு குறையலை! அமுக்கப்பா!"

அமுக்கினான். பெயர் வராத பன்னிரண்டு அட்டவணைகள் போயே போய்விட்டன. மணி இரண்டு ஐம்பத்தைந்து. மனேஜர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருக்கும்போதே, நிர்வாகப் பிரிவு பத்மாதேவி அக்கா மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"தம்பி, நான் ஒருநாளும் கேள்வி எழுதிறேல்லை, அட்டவணையைத் திறந்து நேரா டைப் அடிக்கிறனான். வேலை முடிஞ்சதும் குடுக்க ஆயத்தமா வையுங்கோ எண்டு காலமை சேர் சொன்னபடி உங்கட நிரந்தர நியமனத்தைப் பதிஞ்சுபோட்டு, இப்ப கடிதம் அடிப்பமெண்டு திறந்தா நியமன அட்டவணையையே காணேல்லை!"