மட்ரிட்டில் கட்டுகிற கதை

கூர், சுவிஸ்,
ஞாயிறு பின்னேரம்.

அன்புள்ள மச்சான் தவச்செல்வன் அறிவது,

ஓர்லிகோனில் நீங்களும் அக்காவும் நோய்நொடியின்றி இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உங்கள் தங்கை பரமேஸ்வரியும் சுகம். என் மூக்கு மட்டும் வெயிலில் கருகித் தோல் உரிகிறது.

நீங்கள் சொன்னபடியே மட்ரிட் போய்வந்தேன். அங்கே பழைய கட்டடங்களைப் பற்றிப் படிக்கும் என் மகள் யாதவியிடம், சூக்கில் இருக்கும் உங்கள் சிநேகிதரின் மகன் கோபிசனைக் கட்டச் சம்மதமா என்று கேட்டு, ஓம் என்ற ஒரு சொல்லை வாங்கி வருவதுதான் நீங்கள் எனக்கு இட்ட வேலை. விமான நிலையத்திலேயே கேட்டிருக்கலாம். ஆனால் அந்த ஊர் வெளிச்சம் இருக்கிறதே மச்சான், ஆஸ்பத்திரிக் குசினியில் நீராவிக்குள்ளேயே நிற்கிற எனக்கு, கண்ணைத் திறந்துகொண்டே கனவுக்குள் இறங்கியது போல இருந்தது. வந்த விசயத்தைக் கேட்க வாய் வரவில்லை. அவள் முதலில் ஒரு இடிந்த மதிலைக் காட்டினாள்.

"அரபுக்காரர் கட்டினது அப்பா. ஊர் துவங்கினதே இதிலைதான்."

"கட்டுறது எண்டவுடனை ஒரு விசயம் ஞாபகம் வருது பிள்ளை..."

"அப்ப நீங்கள் அரண்மனையைப் பாக்கோணும்!" என்று இழுத்துக்கொண்டு போனாள். அங்கே முன்பு இருந்த கோட்டை யேசு பிறந்த நத்தார் இரவொன்றில் எரிந்துபோனதாம். அதனால் அடுத்த அரண்மனைக்கு மேற்கூரை வளைவுகளைக்கூடக் கல்லாலேயே கட்டினார்களாம். பிறகு பெரிய சதுக்கம். அது மூன்று முறை எரிந்து மூன்று முறையும் எழும்பியதாம். சிவப்புச் சுவர்கள், வரிசை வரிசையாகப் பல்கணிகள். கோப்பிக் கடையில் சாய்ந்தவன் அப்படியே நித்திரையாகிவிட்டேன். கனவில் ஒவ்வொரு பல்கணியிலும் பட்டுச்சேலைப் பெண்கள் நின்று எட்டிப் பார்க்கிறார்கள். கீழே மேளம் வருகிறது. மாப்பிள்ளையை மட்டும் காணவில்லை. யாதவி உலுப்பி எழுப்பும்போது மூக்கு வெந்திருந்தது.

மறுநாள் ஒரு வீடு காட்டினாள். தெருவிலிருந்து பார்த்தால் ஒரு மாடித் தட்டு, உள்ளுக்குப் போனால் இரண்டு. அரசனுடைய ஆட்களுக்குத் தங்க இடம் கொடுக்காமல் தப்புவதற்கு அந்தக் காலத்தில் இப்படிக் கட்டினார்களாம். ஒவ்வொரு பனிக்கால விடுமுறைக்கும் நீங்கள் குடும்பத்தோடு கூரில் எங்கள் வீட்டுக்கு வந்து நிற்பதை மனதில் வைத்துச் சொல்லவில்லை. எனக்கு அந்த வீடு மிகவும் பிடித்துவிட்டது.

கடைசி நாள் மாலை, அரண்மனைக்கு எதிரே உள்ள பெரிய தேவாலயத்தின் முன்னால் துணிந்து கேட்டேன்.

"பிள்ளை, எப்ப கட்டுறதாய் யோசனை?"

"இதைக் கட்டி முடிக்க நூறு வருசத்துக்கு மேலை போச்சுது அப்பா. ஒருத்தரும் கரைச்சல் குடுக்கேல்லை."

"நான் கோபிசனைக் கட்டுறதைக் கேட்டனான்."

"தெரியும். வந்த நாளே, நீங்கள் கட்டுறது எண்டு இழுக்கேக்கையே தெரியும். உங்களை இவ்வளவு தூரம் நடக்க வைச்சதே அதைக் கேக்க விடாமல்தான்." பிறகு குரல் தணிந்தது. "ஒரு நாளும் கதைக்காத ஆளுக்கு எப்பிடி அப்பா ஓம் சொல்லுறது?"

கல்லெல்லாம் ரோசா நிறமாகிக்கொண்டிருந்தது. என் பிள்ளை வளர்ந்துவிட்டாள் என்பது அந்த வெளிச்சத்தில்தான் தெரிந்தது.

ஆகவே மச்சான், இது சரிவராது என்று சூக்கில் உள்ளவர்களுக்குப் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். மனக்கசப்பு வரவேண்டாம்.

நல்லூர்க் கந்தன் உங்கள் வீட்டில் எல்லோரையும் காக்கட்டும்.

இங்ஙனம்,
தில்லைநாதன்

பி.கு.: முத்திரை ஒட்டும்போது யாதவி போனில் அழைத்தாள். நான் கேட்கப் போன விசயம் காதில் விழுந்து, கோபிசன் தானாகவே மட்ரிட் போய் இறங்கினாராம். இரண்டு நாளாக இருவரும் ஊர் சுற்றுகிறார்களாம். "கதைச்சுப் பாத்திட்டன். ஓம் எண்டு எழுதுங்கோ அப்பா" என்கிறாள். ஆகையால் மேலே உள்ள எதையும் சூக்கில் உள்ளவர்களுக்குச் சொல்லாதீர்கள். சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: பெடியன் சூக் வேலையை விட்டுவிட்டு மட்ரிட்டிலேயே இருக்கப் போகிறாராம். தகப்பனுக்கு அதை நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.