சோளகத்தைக் கழித்துப் பார்த்தால்

மன்னார்த் தீவில் மனிதர்களின் நம்பிக்கையைக் கெடுப்பதற்கென்றே ஒருவர் சம்பளம் வாங்காமல் வேலை பார்த்தார் என்றால், அது எங்கள் சராசரியார்தான். பாங்கு மனேஜர், பல் வைத்தியர், பரீட்சை முடிவு எல்லாம் அவருக்குப் பின்னால்தான் வரிசையில் நிற்க வேண்டும். அவையெல்லாம் நம் நம்பிக்கையை மொத்தமாகக் கெடுப்பவை. இவர் தசமப் புள்ளி போட்டுக் கெடுப்பார்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். அதை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை; எதற்கெடுத்தாலும் சராசரி பார்ப்பதால் வந்த பட்டம்தான் நிலைத்தது. வேலை வானிலை நிலையத்தில். மழை எத்தனை மில்லிமீற்றர், காற்று எந்தப் பக்கமிருந்து எவ்வளவு வேகம் என்று அளந்து கொழும்புக்கு அறிவிக்க வேண்டும். மன்னாரில் மழை அளப்பது வருடத்தில் சில வாரங்கள் பார்க்கும் உத்தியோகம். காற்றையோ கருவியே அளந்துவிடும், இவர் வாசித்தால் போதும். ஆக, எண்களின் மேல் தீராத ஆசை கொண்ட ஒரு மனிதரிடம் மாலை நேரங்கள் முழுக்க மீதமிருந்தன. அதை நிரப்ப அவருக்கு ஒரு கூடைப்பந்து அணி தேவைப்பட்டது. ஆண்டவன் எங்களைக் கொடுத்தான்.

எங்கள் அணியைப் பற்றி நானே சொல்வது நல்லதல்ல, ஆனாலும் வேறு யாரும் சொல்லப் போவதில்லை. மாவட்ட லீக்கில் கடைசி இடம் எங்களுக்கு உறுதி எழுதிக் கொடுத்த காணி. நான் ஒரு மருந்துக் கடையில் நிற்பவன், அணியின் தலைவன். தலைவன் ஆக வேறு யாரும் சம்மதிக்காததால் ஆனேன். மீன் லொறி ஓட்டும் சூசைதான் எங்களில் உயரமானவன். உயரமானவன் என்றால் எங்களோடு ஒப்பிடும்போது. எங்களுக்கு ஜேர்சி வாங்கித் தந்தவர் பஜாரில் புடைவைக் கடை வைத்திருக்கும் ஹாஜியார். தன் கடைப் பெயரை முதுகில் போட்டதற்காக அவர் வருந்தாத நாளில்லை.

விளையாடும் இடம் கடற்கரையோரம், மதில் இல்லாத சீமெந்துத் தரை. வைகாசி பிறந்தால் சோளகக் காற்று கடலில் இருந்து நேரே வரும். கூடையைப் பார்த்து எறிந்த பந்து கொஞ்சம் யோசித்துவிட்டு வேறு பக்கம் போகும்.

சராசரியார் சொந்தப் பிளாஸ்டிக் கதிரையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். கோட்டுக்கு வெளியே அதைப் போட்டு உட்கார்ந்து சோக்கட்டியால் தரையில் எழுதத் தொடங்குவார். யார் எத்தனை எறிந்தான், எத்தனை விழுந்தது, யார் பந்தைப் பறிகொடுத்தான் என்பதெல்லாம் பரவாயில்லை. கொடுமையானது இன்னொரு கணக்கு. ஒருவன் உள்ளே நிற்கும் நேரத்தில் அணி எத்தனை புள்ளி முன்னே போகிறது, எத்தனை பின்னே போகிறது என்பதை ஆளுக்கு ஆள் பிரித்து வைத்திருப்பார். ஒரு ஆட்டத்தின் இடைவேளையில் என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"தம்பி, நீர் உள்ளுக்க நிண்ட நேரம் நாங்கள் பதினொரு புள்ளி பின்னுக்குப் போனம். நீர் தண்ணி குடிக்கப் போன நேரம் ரெண்டு புள்ளி முன்னுக்கு வந்தம். தண்ணியை வடிவாக் குடியும்."

அதில் கேலி எதுவும் இல்லை. அவருக்குக் கேலி செய்யவே தெரியாது. எனக்கு உண்மையாகவே ஒரு போத்தல் தண்ணீர் வாங்கி வைத்திருந்தார்.

சூசையின் கதை இன்னும் மோசம். அவன் தனியாக நின்று எறியும் தண்டப் பந்துகளுக்கு முன்னால் சிலுவை அடையாளம் போட்டு, கழுத்தில் தொங்கும் மாதா சுரூபத்தை முத்தமிட்டுத்தான் எறிவான். சராசரியார் ஒரு பருவம் முழுக்க இதைக் கவனித்து, சிலுவை போட்டு எறிந்ததும் மறந்துபோய்ப் போடாமல் எறிந்ததும் ஒரே அளவில்தான் விழுகின்றன என்று அறிவித்தார். சூசை இடிந்துபோனான். விசயம் கோவில் வரை போய், ஞாயிறு பூசை முடிந்து சுவாமியாரே மைதானத்துக்கு வந்து விசாரித்தார். சராசரியார் கதிரையை விட்டு எழுந்து, பணிவாகக் கையைக் கட்டிக்கொண்டு பதில் சொன்னார்.

"சுவாமி, மாதாவில ஒரு பிழையும் இல்லை. சூசையின்ர முழங்கையிலதான் பிழை."

சுவாமியார் அன்றைக்குச் சூசையின் முழங்கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

பிறகு அந்தக் கழுதை. மன்னார் பட்டினத்தில் கழுதைகளுக்கு இருக்கும் சுதந்திரம் மனிதர்களுக்கு இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். நானாட்டான் அணியோடு ஆடிக்கொண்டிருந்தபோது ஒன்று நிதானமாக உள்ளே வந்து எங்கள் கூடைக்குக் கீழே நின்றுவிட்டது. நடுவர் ஆட்டத்தை நிறுத்தவில்லை. அவருக்கு வவுனியா பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நானாட்டான் பொடியன்கள் உதைக்குப் பயந்து கிட்ட வரவில்லை. அந்தக் கழுதை நின்ற சில நிமிடங்களில் நாங்கள் ஆறு புள்ளி எடுத்தோம், அவர்கள் ஒன்றும் எடுக்கவில்லை. அது போனதும் வழமைபோலத் தோற்றோம். பருவ முடிவில் சராசரியார் கணக்கை வாசித்தபோது, உள்ளே நின்ற நேரத்தில் அணியை முன்னே கொண்டுபோனவர் என்று ஒருவர்தான் தேறினார். அதற்கும் ஒரு ஜேர்சி தைக்கலாம் என்று ஹாஜியாரிடம் அவர் யோசனை சொன்னபோது முகத்தில் சிரிப்பே இல்லை.

இப்படிப்பட்டவரை ஏன் துரத்தவில்லை என்று நீங்கள் கேட்கலாம். காரணம், தோற்ற பிறகு அவர் செய்யும் இன்னொரு கணக்கு. விளக்கு அணைந்து, நாங்கள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் இருக்கும்போது, அவர் காற்றைக் கழிக்கத் தொடங்குவார். காற்றின் வேகம் அவருக்குத் தெரியும். எந்தப் பந்து காற்றுக்கு எதிரே போனது என்பதும் தெரியும். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, "சோளகத்தைக் கழிச்சுப் பாத்தா நாங்கள் ரெண்டு புள்ளியால வெண்டிட்டம்" என்பார்.

தலைமன்னார் அணிக்காரர் ஒருவர் இதைக் கேட்டுப் பொறுக்காமல், தங்களுக்கும் அதே காற்றுத்தானே அடித்தது என்று சண்டைக்கு வந்தார். சராசரியார் அமைதியாக விளக்கினார். உங்கள் ஆட்கள் கூடைக்குக் கிட்டப் போய்ப் போடுகிறார்கள். எங்கள் ஆட்களுக்குக் கிட்டப் போக இயலாது, தூரத்தில் நின்று எறிகிறார்கள். காற்றுப் பிடிப்பது தூரப் பந்தைத்தான். வந்தவர் எங்களைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார். எங்களை இவ்வளவு கேவலமாக யாரும் பேசியதில்லை, இவ்வளவு அன்பாகவும் யாரும் பேசியதில்லை.

போன வருடம் லீக்காரர்கள் ஒரு கடிதம் அனுப்பினார்கள். ஒரு ஆட்டமாவது வெல்லாத அணிக்கு அடுத்த பருவத்தில் இடமில்லை. கடைசி ஆட்டம் மட்டும் மிச்சமிருந்தது. அதில் தோற்றால் எங்களுக்கு அணியே இல்லை. வேலை முடிந்து வந்து தோற்பதற்குக்கூட ஒரு இடமில்லாமல் போகும்.

ஆட்டத்துக்கு முந்தின கிழமை பயிற்சியின்போதுதான் ஹாஜியார் மனதில் இருந்ததைக் கொட்டினார்.

"அந்த மனுசன் கதிரையோட வந்து குந்தின நாள்ல இருந்து நமக்கு முசீபத்துத்தான் தம்பி, ராசி கெட்டுப்போச்சு."

அது சராசரியார் காதில் விழுந்துவிட்டது. அவருக்குக் கோபம் வரவில்லை. ராசி, சகுனம் எல்லாம் ஆதாரமில்லாத பேச்சு என்றும், ஆனால் சோதித்துப் பார்க்காமல் இல்லையென்று சொல்லவும் கூடாது என்றும் சொன்னார். பிறகு சோக்கட்டியை எடுத்துக் குனிந்தார். வானிலை நிலையத்தில் கடமை விழுந்து அவர் வராமல் விட்ட ஆட்டங்கள் சில இருந்தன. அவற்றை ஒரு பக்கம் போட்டார், வந்த ஆட்டங்களை மறுபக்கம் போட்டார். நாங்கள் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தோம். அவர் எழுதி முடித்து, அழித்து, திரும்பவும் எழுதினார்.

"ஹாஜியார் சொன்னது சரி. நான் வராத நாளில நாங்கள் குறைஞ்ச புள்ளியாலதான் தோத்திருக்கிறம். காத்தையும் கழிச்சுப் பாத்திட்டன்."

ஹாஜியாருக்கே முகம் கறுத்துவிட்டது. தான் சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னதாகச் சொல்லி அவர் கையைப் பிடித்தார். சராசரியார் கையை மெதுவாக விடுவித்து, கதிரையைச் சைக்கிளில் கட்டினார். கயிறு முடிச்சு விழ நேரம் எடுத்தது. யாரும் உதவிக்குப் போகவில்லை. போயிருந்தால் நான் அழுதிருப்பேன்.

கடைசி ஆட்டத்துக்கு அவர் வரவில்லை. நாங்கள் ஒரு புள்ளியால் வென்றோம். கடைசிப் பந்து சூசையின் தண்டப் பந்து. முழங்கையை உள்ளே மடித்து எறிந்தான், விழுந்தது. அணி தப்பியது. ஹாஜியார் எல்லாருக்கும் சர்பத் வாங்கித் தந்தார். கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாரும் கோட்டுக்கு வெளியே இருந்த வெறும் இடத்தைப் பார்த்தோம். நான் உள்ளே நின்றபோது முன்னே போனோமா பின்னே போனோமா என்று சொல்ல அங்கே ஆளில்லை. வாழ்நாளில் ஒரே ஒரு முறை வென்ற மனிதர்கள் இவ்வளவு துக்கமாகச் சர்பத் குடித்திருக்க மாட்டார்கள்.

மறுநாள் அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். ஒரு ஆட்டத்தை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்பது அவர் எங்களுக்கு ஆயிரம் தரம் சொன்ன பாடம். அதையே அவருக்குத் திருப்பிச் சொன்னேன்.

"ஓம் தம்பி, ஒரு ஆட்டம் காணாது. அது எனக்கும் தெரியும். ஆனா நான் வந்து நீங்கள் தோத்தா, அதை எனக்குத் தாங்கேலாது."

எண்களோடு வாதாடலாம், இதோடு எப்படி வாதாடுவது.

அடுத்த பருவம் தொடங்கியது. அவர் வரவில்லை. நாங்கள் பழைய திறமை எதுவும் குறையாமல் தோற்றோம். ஒவ்வொரு தோல்வியையும் நல்ல செய்தி போல அவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். நீங்கள் இல்லாமலும் தோற்கிறோம் அண்ணை, வாங்கோ. அவர் புள்ளியைக் கேட்பார், காற்றைக் கழிப்பார், நாங்கள் வென்றுவிட்டதாகச் சொல்லி அனுப்புவார். மைதானத்துக்கு மட்டும் வரமாட்டார். நாங்கள் அவரில்லாமல் வென்ற அந்த ஒரு ஆட்டம், எத்தனை தோல்வியைப் போட்டாலும் அழியாத கறையாக அவர் மனதில் இருந்தது.

போன கிழமை ஆட்டம் சோளகம் ஓய்ந்து வாடை தொடங்காத இடைநாளில் வந்தது. தீவில் ஒரு ஓலை அசையவில்லை. தெற்குக் கரையில் நிற்கும் காற்றாலைகள் ஒன்றுகூடச் சுற்றவில்லை. ஒன்பது புள்ளியால் தோற்றோம். அவர் வாசலிலேயே காத்திருந்தார். புள்ளியைச் சொன்னேன். அவர் வாயைத் திறந்தார், மூடினார். கழிக்க எதுவும் இல்லை. அந்த முகத்தைப் பார்க்க எனக்கு முடியவில்லை.

"நல்ல சோளகம் அண்ணை. பந்து ஒண்டும் நிக்கேல்லை" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தூரத்தில் அசையாமல் நிற்கும் காற்றாலைகளைப் பார்த்தார். தன் வாழ்நாளில் ஒரு தசமப் புள்ளியைக்கூடத் திருத்தி எழுதாத மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஓம் தம்பி, பலமாத்தான் அடிச்சது. அதைக் கழிச்சா நாங்கள் ஒரு புள்ளியால வெண்டிட்டம்."

அன்று மாலை மன்னாரில் எவ்வளவு காற்று வீசியது என்பதை அளந்து கொழும்புக்கு அறிவித்தவர் அவர்தான்.