மானகிரி வரவில்லை

காரைக்குடி வட்டாரத்தில் அந்தக் காலத்தில் ஓடிய மோட்டார் பஸ்களில், ஒரு நாள்கூடத் தாமதமாகாத பஸ் ஒன்றே ஒன்றுதான். அது அங்குட்டார் கண்டக்டராக இருந்த கண்டரமாணிக்கம் பஸ். பஸ் என்றைக்குமே தாமதமில்லை. ஊர்கள்தான் தாமதமாக வந்துசேர்ந்தன.

"ஏப்பா கண்டக்டரு, மானகிரிக்கு இம்புட்டு நேரமா?" என்று யாராவது வாயைக் கொடுத்துவிட்டால் போதும்.

"நாம உக்காந்த எடத்துலதான இருக்கோம். மானகிரிதான் இன்னும் வரக் காணோம். வந்தாச் சொல்றேன், சும்மா இருங்க" என்பார்.

கிண்டல் என்று நினைத்துவிடாதீர்கள். மனுஷர் அதைச் சத்தியமாக நம்பினார். "பஸ்ஸுல ஏறுற அத்தன பேரும் 'ஊரு வந்திருச்சு, ஊரு வந்திருச்சு'ன்னுதான சொல்றீக? அப்ப வாரது ஊரா, நாமளா?" என்று கேட்பார். பதில் சொல்லத் தெரிந்தவர்கள் அந்த பஸ்ஸில் ஏறுவதில்லை. மரத்தைப் பார்த்தாலும் மாட்டைப் பார்த்தாலும், "அது அங்குட்டுப் போகுதா, நாம இங்குட்டு வாரமா?" என்றுதான் ஆரம்பிப்பார். அதனால் அங்குட்டார் ஆனார். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளம் கொடுக்கிற முதலாளிக்கே மறந்துபோயிருந்தது.

நான் அந்த பஸ் ஆபீசில் டிக்கெட் கிழிக்கிற குமாஸ்தா. அவரைப் பற்றிய புகாரெல்லாம் என் காதில் விழுந்த பிறகுதான் முதலாளி காதுக்குப் போகும். ஒரு தடவை கண்மாய்க் கரையில் பஸ் சேற்றில் மாட்டிக்கொண்டது. ஆண்களெல்லாம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலிருந்து தள்ளினார்கள். சக்கரம் சுற்றிச் சுற்றி அவர்கள் முகத்தில் சேற்றை வாரி அடித்தது. அங்குட்டார் படியில் நின்றபடி, "வண்டி மேல குத்தமில்ல, சக்கரம் சுத்துது பாருங்க. மானகிரிதான் வர மாட்டேங்குது" என்று ஆறுதல் சொன்னாராம். தள்ளியவர்களில் ஒரு பெரிய மனிதர், சேற்றைக் கழுவாமல் அப்படியே ஆபீசுக்கு வந்து நின்றார். முதலாளி அவருக்குச் சோடா வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார். அன்றே அங்குட்டாரின் வாயை அடைப்பது என்று தீர்மானம் செய்துகொண்டார்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் ஊருக்கு வெளியே ஒரு பொட்டலில் ஏரோப்ளேன் வந்து இறங்கியது. ஒரு வெள்ளைக்காரர் காசு வாங்கிக்கொண்டு ஆட்களை மேலே ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். ஜில்லாவில் பாதி அந்தப் பொட்டலில் கிடந்தது. அங்குட்டாரும் லீவு போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்தவர் சும்மா வரவில்லை, ஒரு கேள்வியோடு வந்தார்.

"மொதலாளி, எதுத்த அரிசி மில்லுல பெல்ட்டு ஓடுதுல்ல? அதே மாதிரி ரோட்டு அகலத்துக்கு ஒரு பெல்ட்டு போடுவோம். அதுமேல ஏரோப்ளேன நிறுத்துவோம். அது கெழக்க ஓட ஓட, பெல்ட்ட அதே வேகத்துல மேக்க ஓட்டுவோம். ப்ளேனு எந்திரிக்குமா?"

"ஏன் எந்திரிக்காது?" என்றார் முதலாளி.

"எப்படி எந்திரிக்கும்? அது அங்குட்டு ஓடுது, தரை இங்குட்டு ஓடுது. ரெண்டுக்கும் சரியாப் போச்சு. சேத்துல நின்ன நம்ம வண்டி கணக்கா அங்கனயேதான் நிக்கும்."

"காசு வாங்கிட்டு ஏத்துறவன் எந்திரிக்காம விட்ருவானாப்பா?" என்றார் முதலாளி. அவருக்குத் தெரிந்த பௌதிகம் அவ்வளவுதான். நான் எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறவனுக்கு முதலாளி கட்சி தவிர வேறு கட்சி ஏது?

பந்தயம் என்று வந்தது. அங்குட்டார் ஜெயித்தால் முதலாளி செலவில் ஏரோப்ளேனில் ஒரு சுற்று. தோற்றால், பஸ்ஸில் இனி 'வந்திருச்சு' என்கிற வார்த்தையே அவர் வாயிலிருந்து வரக் கூடாது. விசில் ஊதலாம், டிக்கெட் கொடுக்கலாம், அவ்வளவுதான். வேலையை விட்டுப் போ என்று சொல்லியிருந்தால்கூட அங்குட்டார் சிரித்திருப்பார். இதைக் கேட்டதும் அவர் முகம் வாடிவிட்டது. ஆனாலும் சரி என்றார்.

பரீட்சைக்கு ஏற்பாடு செய்ததும் அவரேதான். பஸ் நிறுத்தும் கொட்டகையில் பந்திக்கு விரிக்கிற நீள ஜமுக்காளத்தை விரித்தார். அதுதான் பெல்ட். அதன்மேல் ஒரு குழந்தையின் நடைவண்டியை வைத்தார். அதுதான் ஏரோப்ளேன். வெள்ளைக்காரருக்குப் பதிலாக ஒரு வெள்ளைக் கத்திரிக்காய் அதில் ஏறிக்கொண்டது. வண்டியின் முன்னால் ஒரு கயிற்றைக் கட்டி, நாற்காலியில் இருந்த முதலாளியின் கையில் கொடுத்தார்.

"இது எதுக்குப்பா?"

"ப்ளேனுக்கு மூக்குல காத்தாடி இருக்குல்ல மொதலாளி, அதுதான் காத்தைப் பிடிச்சு இழுக்குது. எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் சம்பந்தமே இல்ல, குனிஞ்சு பாத்துட்டேன். அதனால காத்தாடிக்குக் கயிறு. நீங்க அங்குட்டு இழுங்க, நான் ஜமுக்காளத்த இங்குட்டு இழுக்கிறேன்."

தோல்வியைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டார் என்பது அவருக்கும் புரியவில்லை, எங்களுக்கும் புரியவில்லை. இரண்டு பேரும் இழுத்தார்கள். அங்குட்டார் ஜமுக்காளத்தைச் சுருட்டிச் சுருட்டி இழுக்க, நடைவண்டியின் சக்கரங்கள் கடகடவென்று பேய் பிடித்தமாதிரி சுற்றின. சுற்றினவே தவிர, வண்டி பின்னால் போகவில்லை. முதலாளியின் கயிறு வந்த வேகத்துக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தது. கத்திரிக்காய் முதலாளியின் காலடியில் போய் இறங்கியபோது, அங்குட்டார் கையில் முழு ஜமுக்காளமும் இருந்தது.

அங்குட்டார் ஜமுக்காளத்தைக் கீழே போட்டுவிட்டு வந்து கயிற்றைத் தூக்கிப் பார்த்தார்.

"நம்ம வண்டி தரையத் தள்ளித்தான் போகுது. ஏரோப்ளேனு தரையச் சட்டையே பண்றதில்ல மொதலாளி. தரை எங்குட்டு ஓடுனா அதுக்கென்ன? தோத்தது தோத்ததுதான்" என்றார்.

மறுநாளிலிருந்து விசில் மட்டும்தான். ஆபீசில் ஒரே நிம்மதி. அந்த நிம்மதி மத்தியானம்வரைகூட நிற்கவில்லை. மானகிரியில் இறங்க வேண்டியவர்களெல்லாம் கண்டரமாணிக்கத்தில் போய் இறங்கியிருந்தார்கள். அதில் ஒரு சம்பந்தி வீட்டுக் கூட்டமே இருந்தது. திரும்பும் பஸ்ஸில் வந்து ஆபீசை வளைத்துக்கொண்டார்கள்.

"விசில் ஊதினாரே, இறங்க வேண்டியதுதானே?" என்று நான் கேட்டேன்.

"விசிலு யாரு வேணாலும் ஊதுவாக. மானகிரி வந்தா அவுக சொல்லுவாகளே? சொல்லல. சரி, இன்னைக்கு மானகிரி வரல போலன்னு இருந்துட்டோம்" என்றார் கூட்டத்துக்கு மூத்த ஆச்சி.

அங்குட்டார் கொடுத்த வாக்கு தவறாமல் விசிலை வாயில் வைத்தபடி நின்றுகொண்டிருந்தார். கண் மட்டும் சிரித்தது. முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சொல்லித் தொலைப்பா" என்றார்.

அதோடு இன்னொன்றும் செய்தார். பெருமைக்காகத் தனக்கு வாங்கி வைத்திருந்த ஏரோப்ளேன் டிக்கெட்டை எடுத்து நீட்டி, "எனக்குத் தலை சுத்தும், நீ போயிட்டு வா" என்றார். அங்குட்டார் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மேலே போய்விட்டு இறங்கியவரைக் கூட்டம் சூழ்ந்துகொண்டு, எப்படி இருந்தது என்று கேட்டது.

"நான் எங்க போனேன்? சீட்டுலதான் உக்காந்திருந்தேன். காரைக்குடிதான் கீழ போயிட்டு வந்துச்சு" என்றார்.

எனக்குப் பட்டணத்தில் உத்தியோகம் கிடைத்துப் புறப்பட்டபோது ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். "போயிட்டு வாரேண்ணே" என்றேன்.

"நீ எங்க தம்பி போற? பெட்டியிலதான உக்காந்திருக்க. நாங்கதான் போறோம். போயிட்டு வாரோம்."

அவர் சொன்னபடியே பிளாட்பாரம் அவரை ஏற்றிக்கொண்டு மெல்லப் பின்னால் நகர்ந்தது. கையை உயர்த்தியபடி அங்குட்டாகப் போய்க்கொண்டே இருந்தார். அப்புறம் நான் அவரைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ பஸ்களிலும் ரயில்களிலும் ஏறியாயிற்று. இன்றைக்கும் வண்டி நின்ற பிறகு எல்லாரும் இறங்கிப் போக, நான் மட்டும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறேன், அவர் சொல்லட்டும் என்று.