வக்கீல் மாப்பிள்ளையின் மாடி அறைக்காகப் பழைய பெட்டி வாங்கிய விவரம்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் என் மனைவியும் சுகம். நீங்கள் சுகமாக இருப்பதையும், மாடிப் படம் தாமதமாவதால் என்மேல் கோபமாக இருப்பதையும் தங்கை போனில் சொல்லிவிட்டாள். ஆகவே நலம் விசாரிப்பதை விட்டுவிட்டு நேரே விளக்கத்துக்கு வருகிறேன். நீங்கள் வக்கீல், ஒருவன் சொல்வதை முழுதாகக் கேட்காமல் முடிவுக்கு வரமாட்டீர்கள் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

"மொட்டை மாடியில ஒரு ரூம் எழுப்பறோம், உங்க தங்கச்சிக்குத் தையல் மெஷின் போடணும், ப்ளான் நீங்கதான் போட்டுத் தரணும் மச்சான்" என்று நீங்கள் கேட்டபோது நான் எவ்வளவு பூரித்துப்போனேன் என்பது உங்களுக்குத் தெரியாது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் என்னை நம்பி இந்த வீட்டில் ஒப்படைக்கப்படும் பொறுப்பு, பால் வாங்கி வருவதும் பரணிலிருந்து பாத்திரம் எடுத்துக் கொடுப்பதும்தான். காலமெல்லாம் ஊரார் வீட்டுக்குப் படம் போட்டவன், சொந்தத் தங்கைக்கு ஓர் அறை போட மாட்டேனா? உடனே சரி என்றேன். சரி என்று சொன்ன பிறகுதான் என்னிடம் படம் போடும் மென்பொருளே இல்லை என்பது ஞாபகம் வந்தது. அது கடைசியாக வேலை பார்த்த கம்பெனிக்குச் சொந்தம், என்னோடு அதுவும் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்துவிடவில்லை. புதிதாக வாங்கலாம் என்று விசாரித்தால் விலை கேட்ட மாத்திரத்தில் மனைவி மின்விசிறியைக் கூட்டி வைத்தாள். கணினிக் கடைக்காரர், "எதுக்கு சார் வாங்கறீங்க, நான் சும்மாவே போட்டுத் தர்றேன்" என்றார். வக்கீல் வீட்டு மாடியைத் திருட்டு மென்பொருளில் வரைவதா? காதைப் பொத்திக்கொண்டு வந்துவிட்டேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் மென்பொருள் கம்பெனிக்கே போன் போட்டேன். ஒரு பெண் பேசினாள். பழைய பதிப்பு ஏதாவது கைவசம் இருப்பவர்களுக்குப் புதியதைச் சொற்ப விலையில் மாற்றிக் கொடுக்கிறோம், அதற்கு அப்கிரேடு என்று பெயர் என்றாள். "அம்மா, அந்தப் பழசை நான் இப்பத்தான் வேற ஒருத்தர்கிட்ட வாங்கப்போறேன்னா?" என்று கேட்டேன். "முதல்ல வாங்கினவர் கையெழுத்துப் போட்டு உங்க பேருக்கு மாத்திக் கொடுத்துட்டா அது உங்களுதுதான் சார். பெட்டி, டிஸ்க், நம்பர் எல்லாம் சேர்த்து வாங்கிக்கோங்க" என்றாள். மறுபடி மறுபடி கேட்டேன். குற்றமில்லையா? இல்லை சார். ஏமாற்று இல்லையா? இல்லை சார். கடைசியில் அவளே, "சார், தைரியமா வாங்குங்க சார்" என்று என்னைத் தேற்றினாள்.

இணையத்தில் தேடினேன். வீட்டுப் பட மென்பொருள், பழைய பதிப்பு, பெட்டி கசங்காதது என்று ஒரு விளம்பரம் இருந்தது. போனில் பேசியது விளம்பரக்காரரின் மகள். அப்பா வீட்டில் இருப்பார், போய்ப் பாருங்கள் என்று விலாசம் கொடுத்தாள். போய் மணி அடித்தேன். கதவைத் திறந்தது யார் தெரியுமா? அளவுகோல்!

உங்களுக்கு அவனைத் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால் நானும் அவனும் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே, ஒற்றை அறையில், ஆபீஸ் வைத்திருந்தோம். ஒல்லியாக, நெட்டையாக, வளையாமல் நிற்பான், அதனால் அளவுகோல். போட்ட கோட்டை அழித்து அழித்துப் போடுவேன் என்பதால் நான் ரப்பர். அந்தக் கட்டடத்தை இடித்தபோது ஆபீஸ் போயிற்று. எங்களுக்குள் சண்டை என்று ஒன்றும் கிடையாது. அவன் கூப்பிடுவான் என்று நானும், நான் கூப்பிடுவேன் என்று அவனும் இருந்ததில் தலை நரைத்துவிட்டது, அவ்வளவுதான்.

"நீயா?" என்றான்.

"விளம்பரத்துல உன் பேரைப் போடலியே" என்றேன்.

"போட்டிருந்தா வந்திருக்க மாட்டியா?"

நான் செருப்பைக் கழற்றினேன். அவன் வழி விட்டான், நான் உள்ளே போனேன்.

பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான். மாப்பிள்ளை, அது எங்கள் ஆபீஸ் பெட்டி! நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து முதன்முதலில் வாங்கிய மென்பொருள், ரசீது மட்டும் அவன் பெயரில். மூடியில் என் டீ கிளாஸின் வட்டக் கறை அப்படியே இருந்தது. "டிஸ்க் வேலை செய்யுதான்னு பார்த்துட்டு வாங்கு, நாளைக்கு என்னைக் குறை சொல்லாதே" என்று சொல்லி, துணி போர்த்தியிருந்த பழைய கணினியை உசுப்பினான். டிஸ்கைப் போட்டதும் அது கர்ரென்று உறுமி, டக் டக்கென்று இருமியது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்குக் கண்ணாடிக் கடை மாடி, ஆடும் மேஜை, சன்னல் வழியே வரும் பஸ் புகை, எல்லாம் ஒன்றாகத் திரண்டு வந்தன. அந்தக் காலத்தில் படம் அச்சாக ஆரம்பித்தால் கீழே போய் டீ குடித்து, இரண்டு பேர் கதை பேசி, மேலே வந்தால் அப்போதுதான் அச்சு மெஷினின் பேனா சமையலறைச் சுவருக்கு வந்திருக்கும். அவசரம் என்று ஒன்றை யாரும் அப்போது கண்டுபிடித்திருக்கவில்லை.

கறுப்புத் திரையில் ஒவ்வொரு கோடாக எழுந்து வந்தது நாங்கள் போட்ட முதல் வீடு. ஒரு பல் டாக்டருடையது. அதில் குளியலறைக்கு நாங்கள் கதவு வைக்க மறந்துவிட்டோம். சுவர் எழும்பிய பிறகு கொத்தனார் போன் செய்து, "சார், உள்ள எப்படிப் போறது?" என்று கேட்டார்.

"நீதான் மறந்தே" என்றான் அளவுகோல்.

"நான் வச்சேன், நீ அழிச்சே."

"அழிக்கிறவன் யாருன்னு ஊருக்கே தெரியும்."

சிரித்துச் சிரித்து அவனுக்குப் புரையேறியது. முதுகில் தட்டினேன். முதுகு இப்போது வளைந்திருக்கிறது மாப்பிள்ளை. பிறகு மாற்றுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டான். போட்டுவிட்டுப் பேனாவை மூடாமலே, "புதுசு வந்தா என்னையும் கூப்பிடு, பார்க்கணும்" என்றான்.

புதியது வந்தது. கூப்பிட்டேன், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். கணினி பழைய பெட்டியின் நம்பரைக் கேட்டது. நடுவில் ஓர் எழுத்து தேய்ந்திருந்தது. நான் பூஜ்யம் என்றேன். அவன் இல்லை, 'ஓ' என்றான். இரண்டையும் போட்டுப் பார்த்தோம், இரண்டையும் கணினி துப்பிவிட்டது. என் மனைவி கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி ஒரு பார்வை பார்த்து, "அது 'டி'. ரெண்டு பேரும் வீடு கட்டிக் குடுத்தீங்களாம்!" என்றாள். திறந்துகொண்டது.

திறந்ததோடு சரி. அதில் கோடு போட இடமே இல்லை மாப்பிள்ளை. எங்கே தொட்டாலும் ஒரு சோபா முளைக்கிறது. நான் ஒரு சுவரை நகர்த்தினேன், கூரை எழுந்து பறந்தது. அளவுகோல் அதைப் பிடிக்கப் போய் மாடியில் ஒரு நீச்சல் குளம் வெட்டிவிட்டான். வெயில் எந்தப் பக்கம் விழும் என்று அதுவே காட்டுகிறது, எங்களை ஒன்றும் கேட்கவில்லை. நாள் முழுக்கப் போராடி ஒரு சன்னல்கூட வைக்க முடியவில்லை. அளவுகோல் எழுந்து, "நம்ம காலம் முடிஞ்சுதுடா ரப்பர்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான். நான் வாசல் விளக்கைப் போட்டுவிட்டு நின்றேன், அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆகவே, தாமதத்துக்கு என்னை மன்னித்து, தயவுசெய்து வேறு நல்ல என்ஜினியராகப் பார்த்துக்கொள்ளுங்கள். தங்கையிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். இந்தத் தொழிலை இனி நான் தொடுவதாக இல்லை. வழக்குகள் எல்லாம் வெற்றியாகி, வாய்தா குறைந்து, நீங்களும் தங்கையும் தீர்க்காயுசாக இருக்க என் ஆசிகள்.

இங்ஙனம்,
உங்கள் அன்புள்ள மச்சான்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் கடைசிப் பத்தியைப் படிக்க வேண்டாம். இதை ஒட்டப் பசை தேடும்போது ஆட்டோவில் பழைய கணினியோடு அளவுகோல் வந்து இறங்கினான். புதியதைக் கழற்றிவிட்டோம், பழையதிலேயே தங்கையின் அறையைப் போட்டு முடித்தாயிற்று, படம் இத்துடன் வருகிறது. இரண்டையும் ஒரே சமயத்தில் ஓட்டவில்லை என்பதால் சட்டப்படி சரியா என்று அந்தக் கம்பெனிப் பெண்ணிடமும் கேட்டேன். "சரிதான் சார். அப்ப எதுக்கு சார் அப்கிரேடு வாங்கினீங்க?" என்றாள். மாடிக்கு மேல் மாடி கட்ட ஆசைப்படும் எதிர்வீட்டுக்காரர் எங்கள் சத்தத்தைக் கேட்டு வந்து, தனக்கும் ஒரு படம் வேண்டும் என்கிறார். ஆபீஸ் திறக்கிறோம். கூட்டு ஒப்பந்தம் ஒன்று நீங்கள் எழுதித் தர வேண்டும். பலகையில் யார் பெயர் முதலில் என்று காலையிலிருந்து தகராறு. அவன் பெயரே முதலில் வரட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் இதை அவனிடம் இப்போதே சொல்லிவிடாதீர்கள். கொஞ்ச நாள் கெஞ்சட்டும்.